இடது பக்கத்து ஸ்பீக்கர்

என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, வீட்டுச் சாமான்களில் பாதியை விற்றுவிட்டு மீதியைச் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். எங்கள் பங்குக்கு வந்தவை ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும். அவற்றில் இரண்டு, தரையில் நிறுத்தினால் இடுப்பு உயரம் வரும் மரப்பெட்டிகள். எல்லாவற்றையும் பழைய போர்வைகளில் சுற்றி, திருச்சியிலிருந்து ஒரு சிறிய லோடு வண்டியில் அனுப்பியிருந்தான். அவற்றை இயக்கும் ரிசீவர் மட்டும் வரவில்லை. சாமான் கட்டுகிற அவசரத்தில் அது மாடிப்படியில் உருண்டு உடைந்துவிட்டதாம்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு திண்டுக்கல் நாகல் நகர் வீட்டின் மாடியில் நானும் மனைவியும் மட்டும்தான். கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எனக்குப் பேகம்பூரில் கடை. செருப்பு செய்யும் சிறிய பட்டறைகளுக்குத் தோல், ரப்பர் ஷீட், பசை எல்லாம் மொத்தமாகக் கொடுப்பேன். படம் பார்க்கும் ஆசை எங்கள் இருவருக்கும் உண்டு என்றாலும், வீட்டில் தனியாக ஸ்பீக்கர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் நினைத்ததில்லை. அதனால் அந்தப் பெட்டிகள் ஹாலின் மூலையில் போர்வையோடு பல வாரங்கள் நின்றன. வந்தவர்கள் எல்லாம் யாராவது ஊருக்குப் போகிறார்களா என்று கேட்டார்கள்.

ஒருநாள் மனைவி, “தம்பி ஆசையாக் குடுத்தது. இப்படி முக்காடு போட்டு நிக்க வைக்கவா குடுத்தான்?” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் ரிசீவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கடையில் மதியத்துக்கு மேல் வியாபாரம் மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் அலைபேசியில் படித்தேன். டிவியிலிருந்தும் மற்றப் பெட்டிகளிலிருந்தும் வரும் சத்தத்தை வாங்கி, இது முன்பக்கத்துக்கு, இது பின்பக்கத்துக்கு, இது பேச்சு என்று பிரித்து, அந்தந்த ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுத்து அனுப்புவதுதான் ரிசீவரின் வேலை. இதைப் புரிந்துகொள்ள ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. எதை வாங்குவது என்று முடிவு செய்யத்தான் ஒரு மாதம் ஆயிற்று. ஒருவர் புகழ்ந்ததை அடுத்தவர் குப்பை என்றார். கடைசியில் படிப்பதை நிறுத்திவிட்டு ஆடியோ சாமான் விற்கும் கடைக்கே போனேன்.

கடைக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நிதானமாகப் பேசுகிறவர்.

“ஏனுங்க பாய், ஹால் எத்தன அடிங்க?”

நீளம் அகலம் சொன்னேன். ஸ்பீக்கர்களின் பின்பக்கத்தை எடுத்து வைத்திருந்த படத்தையும் காட்டினேன். அதில் அச்சிட்டிருந்த மின்தடை அளவை அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஆறு ஓமுங்க. அப்ப சின்னது தாங்காதுங்க, சீக்கிரம் சூடாயிரும். ஆனா ஏழு சேனல் உங்களுக்கு வேண்டாமுங்க. இருக்கறது அஞ்சு ஸ்பீக்கர்தான?”

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் வாட்ஸ் போட்டிருந்த ஒன்றைக் காட்டி, இது கூடுதல் சக்தி போலிருக்கிறதே என்றேன். அது ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஓடும்போது கிடைக்கிற கணக்கு என்றும், ஐந்தும் சேர்ந்து ஓடும்போது எவ்வளவு என்பதைச் சிறிய எழுத்தில்தான் போடுவார்கள் என்றும் சொன்னார். இதை நானும் படித்திருந்தேன். அவர் சொல்கிறாரா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

மூன்றை வரிசையாக மேசையில் வைத்தார். மூன்றையும் தூக்கிப் பார்த்தேன். தோல் வாங்கும்போது வந்த பழக்கம் அது, எதையும் கையில் எடை பார்க்காமல் என்னால் தீர்மானிக்க முடியாது. நடுத்தரமான விலையில் இருந்ததுதான் அதிகம் கனத்தது. ஐந்து சேனல், டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் தேவையான அளவு துளைகள், கூடவே அறையை அளந்து ஸ்பீக்கர்களைத் தானாகச் சரிசெய்துகொள்ள ஒரு மைக். அதையே எடுத்துக்கொண்டேன். ஆள் அனுப்பி மாட்டித் தருகிறேன் என்றார் அவர். வேண்டாம், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். வயர்களை அளந்து வெட்டி, முனையில் உறையைச் சீவி, செம்புக் கம்பிகளை முறுக்கி, சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேரும்படி ஒவ்வொன்றாகச் செருகினேன். மனைவி அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கம்பி இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துத் துளையைத் தொட்டால் ரிசீவர் அணைந்துவிடும் என்று படித்திருந்ததால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தேன். முடித்துவிட்டுப் போட்டபோது சத்தமே வரவில்லை. டிவியில் ஒரு அமைப்பை மாற்றியதும் வந்தது.

அடுத்து மைக். நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்துவிட்டு, அறையில் யாரும் பேசாமல் அசையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் விசில் போல ஒரு சத்தம் எழுப்பும், மைக் அதைக் கேட்டு அளந்துகொள்ளும். சோபாவின் நடுவில் ஒரு டப்பாவின் மேல் மைக்கை வைத்துவிட்டு நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம். இரண்டு ஸ்பீக்கர் முடிவதற்குள் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுகர் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சுற்றுப்புறச் சத்தம் அதிகம் என்று திரையில் எழுத்து வந்தது. தொழுதுவிட்டு வந்து மறுபடி முயன்றோம். அப்போது தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. மூன்றாவது முறைதான் முழுதாக முடிந்தது. முன்பக்கம் இருந்த இடது, வலது ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே தூரம், ஒரே அளவு என்று திரை காட்டியது.

அன்று மாலை முதல் படம் போட்டோம். மழையில் ஒரு ஊர்வலம் போகும் காட்சியோடு ஆரம்பித்தது. மனைவி, “அப்பாடி, நம்ம வீட்டுக்குள்ளேயே பெய்யிற மாதிரில்ல இருக்கு” என்றாள். எனக்கு மழை வலது பக்கச் சுவரோரம் மட்டும் பெய்வது போலிருந்தது. இடது ஸ்பீக்கர் மங்கலாக, யாரோ அதன் மேல் கம்பளியைப் போர்த்தியது போல ஒலித்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். துணி ஏதும் இல்லை.

“லெஃப்ட் ஸ்பீக்கர்ல கோளாறு இருக்கு” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியலயே. ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது.”

“வண்டியில வரும்போது அடிபட்டிருக்கும். இல்லாட்டி முன்னாடியே போயிருக்கும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என் தம்பி ஒடஞ்சதத்தான் நமக்குத் தள்ளிவிட்டான்னு சொல்றீங்களா?”

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் சோபாவின் மறு ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைத்தேன். வலதில் இருந்தது இடதுக்கு வந்ததும் அது மங்கிவிட்டது. அப்படியென்றால் ஸ்பீக்கரில் குற்றம் இல்லை, ரிசீவரில்தான் என்று முடிவு செய்தேன். பிறகு ரிசீவரின் பின்னால் வயர்களை மட்டும் மாற்றிச் செருகினேன். இப்போது வலது ஸ்பீக்கர் மங்க வேண்டும். அப்போதும் இடதே மங்கியது. ஸ்பீக்கரை மாற்றினால் ரிசீவர் குற்றவாளி, வயரை மாற்றினால் ஸ்பீக்கர் குற்றவாளி. ஒரு சரக்கில் குறை என்றால் எந்த இடத்தில் குறை என்று கண்டுபிடித்துப் பழகியவன் நான். இது எதிலும் அகப்படவில்லை.

மிஞ்சியது அறைதான். இடது பக்கம் தெருவைப் பார்த்த ஜன்னல், அதற்குத் திரைச்சீலை. வலது பக்கம் மொட்டைச் சுவர். சத்தம் ஜன்னல் வழியாக வெளியே போய்விடுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன். திரைச்சீலையைக் கழற்றினேன். கடையிலிருந்து ஒரு பிளைவுட் பலகையைக் கொண்டுவந்து ஜன்னலில் சாய்த்து வைத்தேன்.

“ஜன்னல அடச்சுப்புட்டு காத்துக்கு எங்கிட்டுப் போறது?” என்றாள் மனைவி. “என் தம்பிக்கு போன் போட்டு, உன் ஸ்பீக்கருக்காக எங்க வீட்ட இடிக்கப் போறோம்னு சொல்லிடவா?”

கடைக்காரரை வரச் சொன்னேன். அவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவின் நடுவில் என் இடத்தில் உட்கார்ந்தார். சோதிப்பதற்கென்றே ரிசீவரில் ஒரு இரைச்சல் உண்டு. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தது போல ‘ஸ்ஸ்’ என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். அதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குதுங்க பாய்.”

“நல்லாக் கேளுங்க. லெஃப்ட்ல கூர்மையே இல்ல.”

மறுபடியும் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். “ஒருவேள ஜன்னலாக்கூட இருக்கலாமுங்க” என்றார். அது என் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு பலகையை இன்னும் நெருக்கிச் சாய்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு மதியம், அந்த இரைச்சலை ஓடவிட்டு சோபாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அடுப்படி சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. சோற்றுக்கு வெஞ்சனம் என்ன செய்யட்டும் என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள். பதில் சொல்வதற்காக அந்தப் பக்கம் திரும்பினேன். அப்போது இரைச்சல் வலது ஸ்பீக்கருக்கு வந்தது. அது மங்கியிருந்தது. அடுத்த சுற்றில் இடது ஸ்பீக்கருக்கு வந்தபோது தெளிவாக, கூர்மையாகக் கேட்டது.

டிவியைப் பார்த்துத் திரும்பினேன். இடது மங்கியது. அடுப்படியைப் பார்த்துத் திரும்பினேன். வலது மங்கியது.

“என்ன, நின்ன எடத்துலயே சுத்துறீங்க?” என்று கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள் அவள்.

இடது காதை விரலால் அடைத்தேன். எந்த மாற்றமும் இல்லை. வலது காதை அடைத்தேன். அறை மொத்தமும் எங்கோ தூரமாகப் போய்விட்டது. மனைவியின் வாய் அசைவது தெரிந்தது. விரலை எடுத்ததும் அவள் குரல் திரும்பி வந்தது.

அவளை அடுப்படிக்குள் போய்த் தன் அலைபேசியிலிருந்து என்னை அழைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் செய்தாள். இருபது வயதிலிருந்து டெலிபோனை வலது காதில்தான் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவில் தட்டியது. இடது காதில் வைத்தேன். டப்பாவுக்குள் வண்டு முரலுவது போல ஏதோ வந்தது. அதில் ஒரு சொல்கூட இல்லை. “கேக்குதா? கேக்குதா?” என்று அவள் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டிருந்ததை வலது காதுதான் கேட்டது.

அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ரிசீவர் நன்றாக இருக்கிறது, வயர்களை நான் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. ஜன்னலிலிருந்து பலகையை எடுத்துக் கீழே வைத்தேன். அதன் பிறகு உட்கார்ந்து, அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“எப்ப இருந்து?” என்றாள்.

“தெரியல.”

அவள் ரிசீவரை அணைத்தாள். பிறகு, “அப்ப கார்ல?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“கார்ல நான் ஒங்க இடது பக்கந்தான உக்காருவேன்.”

வண்டி வாங்கிய புதிதில் போகும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டு வருவாள். வருடங்கள் போகப் போகப் பேச்சு குறைந்து, ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு வயதாகிறது, பயணத்தில் அமைதி பிடிக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். தான் பேசினால் நான் வேண்டுமென்றே பதில் சொல்வதில்லை, வண்டி ஓட்டும்போது தன் பேச்சு எனக்குத் தொந்தரவு என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை.

திண்டுக்கல்லிலேயே ஒரு காது மருத்துவரைப் பார்த்தோம். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் நுழையாத ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு நான் அடிக்கடி கையைத் தூக்கினேன். இடது காதுக்கு வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொத்தான்களை அழுத்துவது தெரிந்தது. என் கை மடியிலேயே இருந்தது. தூக்க வேண்டிய நேரம் இது என்று தெரிந்துகொண்டே தூக்காமல் இருப்பது விசித்திரமாக இருந்தது.

“சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?” என்று மருத்துவர் கேட்டார்.

வந்ததா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. நரம்பு பலவீனமாகியிருக்கிறது, இது நேற்று வந்ததல்ல, மருந்தால் சரியாகாது என்றார். ஒரு பக்கம் மட்டும் போயிருப்பதால் உள்ளே கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள மதுரையில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடச் சொன்னார். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். வெளியே வரும்வரை விடவில்லை.

மதுரைக்குப் புறப்பட்ட காலையில் அவள் காரின் முன்கதவைத் திறக்கவில்லை. பின்னால் ஏறி, எனக்கு நேர் பின்னே உட்கார்ந்துகொண்டாள். சீட்டின் பக்கமாகத் தலையை நீட்டி, என் வலது காதருகே, “இப்ப கேக்குதா?” என்றாள். கேட்டது. வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பங்க்கில் இருந்தவன் என்னை விட்டுவிட்டு அவளிடம், “எம்புட்டுக்குப் போடணும்மா?” என்று கேட்டான். என்னை வாடகை டிரைவர் என்று நினைத்துவிட்டான். அவள் திருத்தவில்லை.

கொடைரோடு தாண்டிய பிறகு அவள் ஒரு விஷயம் சொன்னாள். முன்பு ஒருமுறை, கீழ் வீட்டில் இருந்தவர்கள் காலி செய்த சமயத்தில், இதே ரோட்டில் வரும்போது என்னிடம் கேட்டாளாம். அந்த வீட்டை வாடகைக்கு விடாமல் தனக்குக் கொடுத்தால், நாலைந்து தையல் மிஷின் போட்டு, தெருப் பெண்களைச் சேர்த்துச் சின்னதாக ஒரு யூனிட் நடத்தலாம் என்று. எந்தத் துணி, யாரிடம் ஆர்டர் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாளாம். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தேனாம்.

“வீட்டுக்கு வந்து இன்னொரு தடவ கேட்டிருக்கலாமே” என்றேன்.

“வாயத் தொறந்து வேணாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். பேசாம இருக்கிறவர்கிட்ட மறுக்கா எப்படிக் கேக்குறது?”

“இப்ப செய்யலாம்.”

“இப்ப அந்த ஆச இல்லங்க” என்றாள். அதில் கோபம் ஏதும் இல்லை. பின்னர் தன் தங்கை மகனின் கல்யாண விஷயத்துக்குப் போய்விட்டாள். மதுரை வந்து சேரும்வரை பேச்சு நிற்கவில்லை. நான் அவ்வப்போது கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. இடது காதுக்கு ஒரு கருவி வாங்கிக்கொண்டேன். முதல் சில நாட்கள் பாத்திரம் கழுவும் சத்தமும் பேப்பர் மடிக்கும் சத்தமும் பல் கூசுவது போல இருந்தன. கடையில் தோலை விரிக்கும்போது அது இவ்வளவு சத்தம் போடும் என்று நான் அறிந்ததில்லை. பிறகு பழகிவிட்டது. ஆனால் கருவி வழியாக வரும் சத்தம் வேறு மாதிரிதான் இருக்கிறது. மழை மழையாக இல்லை, மணலைச் சல்லடையில் சலிப்பது போல இருக்கிறது. அதனால் படம் பார்க்கும்போது கழற்றி வைத்துவிடுகிறேன்.

ரிசீவரில் இடது ஸ்பீக்கரின் அளவை மட்டும் கூட்டி வைத்துப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் சமமாக இருப்பது போலத் தோன்றியது. பெருநாளைக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். படம் போட்ட செத்த நேரத்திலேயே மகள், “அத்தா, எல்லாச் சத்தமும் ஜன்னல் பக்கமே இழுக்குதே. ஸ்பீக்கர்ல எதுவும் கோளாறா?” என்றாள். மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மைக் அளந்து வைத்த அளவுக்கே மாற்றிவிட்டேன்.

இப்போது நான் சோபாவின் இடது ஓரத்தில் உட்காருகிறேன். அங்கே உட்கார்ந்தால் ஐந்து ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை என் வலது பக்கம் இருக்கும். நடு இடம் மனைவிக்குப் போயிற்று. எல்லாச் சத்தமும் சரியாக வந்து கூடும் இடம் அதுதான் என்று சொன்னேன். அவளுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. அவன் யார், இவள் ஏன் அழுகிறாள், இந்த வீட்டை முன்னாடி காட்டினார்களா என்று என் வலது காதில் கேட்டுக்கொண்டே பார்க்கிறாள். படம் ஓடும்போது யாராவது பேசினால் எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.